முறுக்காத நட்டின் மேல் சிவப்பு

பேனலைத் திறந்ததும் உங்கள் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பிரேக்கரைப் பார்ப்பீர்கள். மீட்டரைப் பார்ப்பீர்கள். சிவப்பும் பச்சையுமாக எரிகிற விளக்குகளைப் பார்ப்பீர்கள். பின்னால் கனமான தாமிரப் பட்டைகள் நாலு, கலர் உறை மாட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அவற்றை ஒருத்தரும் பார்க்க மாட்டீர்கள். அதுதான் பஸ்பார். கம்பெனிக்குள் வருகிற கரண்ட் முழுக்க அந்தப் பட்டைகளில் ஏறித்தான் கம்ப்ரஸருக்கும் பம்புக்கும் உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனுக்கும் பிரிந்து போகிறது.

மோட்டார் கெட்டால் கத்தும். பிரேக்கர் கெட்டால் விழும். வயர் கெட்டால் தோல் உருகி நாறும். பஸ்பார் மட்டும் வாயைத் திறக்காது. பட்டையும் பட்டையும் சேருகிற இடத்தில் ஒரு நட் தளர்ந்தால் அங்கே சூடேறும். சூடேறினால் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். அதுவரைக்கும் வெளிக்கதவு புதுப் பெயிண்டோடு பளபளவென்று நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் எந்தக் கம்பெனிக்குப் பாடம் சொல்லப் போனாலும் உங்களைப் போன்ற எலக்ட்ரீஷியன்களிடம் நான் சொல்வது இது ஒன்றைத்தான்: சந்தேகப்படுங்கள்.

எனக்கு இதில் பேர் உண்டு. வேலை பார்த்த இடத்தில் என்னை முதுகுக்குப் பின்னால் 'டவுட்டு' என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. ஒரு தடவை புதுப் பேனல் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர்கள் பஸ்பார் முழுக்க ஒரே பட்டை என்றார்கள். உறை ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருந்தது. பிளேடால் கீறிப் பார்த்தேன். இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட்டு மேலே உறையை இழுத்துவிட்டிருந்தார்கள். வந்த லாரியிலேயே திருப்பி ஏற்றினேன். அன்றைக்கு 'டவுட்டு' என்ற பேர் எனக்குப் பட்டம் மாதிரி இருந்தது. திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சந்தேகப்படுவதிலும் ஒரு அயோக்கியத்தனம் இருக்கிறது. அதை நான் செய்திருக்கிறேன். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் ஒரு குளிர்கிடங்கு. இறாலையும் மீனையும் உறையவைத்துக் கண்டெய்னரில் கப்பலுக்கு அனுப்புகிற இடம். அங்கே நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்று எந்தக் கதவை மூடினாலும் உள்ளே வந்துவிடும். தாமிரம் கறுக்கும், போல்ட் துருப்பிடிக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் முழுக் கிடங்கையும் கரண்ட் இல்லாமல் எங்கள் கையில் விடுவார்கள். அது ஆயுத பூஜை அன்று. காலையில் பேனலைப் பிரித்துத் துடைத்து முறுக்கி, மத்தியானம் பூஜை போட்டு, அதற்கப்புறம் மிச்ச வேலையை முடித்து மறுபடி கரண்ட் விடவேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உங்களிடமும் இருக்கும். நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்குவோம். சரியான அளவுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லுமே, அந்த ஸ்பேனர். 'டிக்' கேட்டதும் நட்டின் மேலிருந்து பட்டைவரைக்கும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் அதன் பாஷை.

பூஜைக்கும் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் கதவுக்கு வெளியே. கதவுக்கு உள்ளே ஒரு பூவிதழ்கூடப் போகக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எல்லோருடைய உயிரையும் வாங்கியிருக்கிறேன்.

அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான். பல வருஷம் முன்னால் அந்த மெயின் பேனலின் நடு இணைப்பில் ஒரு பெருச்சாளி ஏறி, என் கண்ணெதிரிலேயே வெடித்தது. புருவம் இரண்டும் கருகிப்போயின. கண் தப்பியது யார் செய்த புண்ணியமோ. அதிலிருந்து அந்த இணைப்பின் பக்கம் போகவே எனக்குப் பயம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், யாரும் பார்க்காத நேரமாகப் பின்கதவைத் திறந்து, அந்த நாலு நட்டுக்கும் மோதிர விரலால் ஈரக் குங்குமம் இழுத்துவிடுவேன். ஒரு நிமிஷ வேலை. ஏற்கெனவே பெயிண்டுக் கோடு இருக்கிற நட்டுகள்தான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நானும் அதை ஒரு காரியமாகவே நினைத்ததில்லை.

நான் சொல்லவந்த அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. நடு இணைப்பு கறுத்திருக்கிறது என்று அன்றைக்கு அதை முழுசாகப் பிரித்தோம். பிரித்தது காதர். தண்டையார்பேட்டைக்காரர். காண்ட்ராக்ட் ஃபிட்டர், எங்களோடு பன்னிரண்டு வருஷம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை 'அண்ணே' என்பார். தின்னர் போட்டுத் துடைத்தார், பழைய கோடெல்லாம் போய்விட்டது. பட்டைகளைப் பொருத்தி நாலு நட்டையும் சாதா ஸ்பேனரில் உட்காரவைத்தார். டார்க் ரெஞ்ச் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அது அந்தக் கோடியில் பம்ப் பேனலில் வேலைசெய்துகொண்டிருந்த தேசப்பன் கையில். தேசப்பன் எங்கள் நிரந்தர எலக்ட்ரீஷியன், காசிமேட்டுக்காரர்.

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது காதர் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்: "தேசு, நடுவுல நாலு நட்டு பாக்கி கீது. ரெஞ்சு காலியாச்சுன்னா முறுக்கி கோடு போட்டுடு." அங்கே தண்ணீர் பீய்ச்சித் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் காதில் அது விழவில்லை.

காதர் தொழப் போனார். எல்லோரும் பூஜைக்கு முன்பக்கம் போனார்கள். நான் தட்டோடு பின்பக்கம் போனேன். யாராவது வந்துவிடுவார்களே என்ற அவசரத்தில், கீழே பெயிண்டுக் கோடு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், வழக்கம்போல நாலு நட்டுக்கும் குங்குமத்தை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தொழுதுவிட்டு வந்த காதர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலு நட்டிலும் சிவப்பு. தேசு முறுக்கிவிட்டான் என்று நினைத்து மூடியைப் போட்டார். வேறு எப்படி நினைப்பார்? கதவுக்குள்ளே குங்குமம் கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டமாயிற்றே.

"எல்லாம் ஆச்சா?" என்றேன்.

"ஆச்சுண்ணே. செவப்பு கோட்ட பாத்துட்டுதான் மூடினேன்."

வேலை முடிந்ததற்கான ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். ஊரெல்லாம் டவுட்டு என்று கூப்பிடுகிற நான், அன்றைக்குக் குனிந்து ஒரு தரம் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், பேனல் ரூமுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது. லேசாக ரப்பர் கருகுகிற வாடை. கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். நடுக்கதவு மட்டும் சுட்டது. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் ஓட்ட முடியாதா? மூணு மணிக்குக் கண்டெய்னர் காட்டுப்பள்ளி ஹார்பருக்குக் கிளம்பணும். உள்ள இறால் இருக்கு."

"சார், வாடை வருது."

"வாடைதானே வருது? புகை வரலையே?"

இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், கேட்பவர் உங்களைவிடப் பெரிய நாற்காலியில் இருப்பார். பஸ்பாரில் புகை வருகிறவரைக்கும் காத்திருந்தால், அதற்கப்புறம் முடிவெடுக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். நான் போனை வைத்துவிட்டு மெயினை இறக்கினேன். கிடங்கு முழுக்க ஒரே அமைதி. வசவு வாங்கினேன், வாங்கிக்கொண்டேன். குளிர் அறைகளை ஒருவரும் திறக்கக்கூடாது என்று ஆள் நிறுத்தினேன். சாயங்காலத்துக்குள் வேறு பட்டை போட்டுக் கரண்ட் விட்டோம். இறாலும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம்.

பிரித்தபோது உறை கருகி ஒட்டிப்போயிருந்தது. பட்டை நீலம் பாய்ந்திருந்தது. மேல் நட்டை நான் இரண்டு விரலால் சுற்றினேன். சுற்றியது.

என் தலைக்குள் ஏதோ கொதித்தது. தேசப்பனைக் கேட்டேன். "நான் அந்தாண்ட போகவே இல்லண்ணே. காதரு சொன்னதா சொல்றான், எனக்கு ஒண்ணியும் கேக்கல" என்றார். சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார். "அவன் தம்பி பழைய செம்பு, பித்தளை வாங்கற கடை வச்சிக்கினு கீறான், தெரியும் இல்ல? கொஞ்சம் உஷாரா பாத்துக்கோ."

செம்புக் கடைக்கும் தளர்ந்த நட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஒரு துண்டுத் தாமிரம்கூடக் காணாமல் போகவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு எல்லோரும் பூஜையில் இருந்தபோது காதர் மட்டும் இல்லையே என்று தோன்றியது. திரும்பி வந்தபோது தனியாகத்தானே மூடினார் என்று தோன்றியது. சந்தேகம் ஒரு ஆள்மேல் விழுந்துவிட்டால் பாருங்கள், அவர் தொழப் போனதுகூடக் குற்றமாகத் தெரிகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மேனேஜர் ரூமில் விசாரணை. காதர் நின்றுகொண்டிருந்தார், கேள்வி கேட்டது நான்.

"நாலு நட்டுலயும் கோடு இருந்துச்சுண்ணே. டார்ச் அட்ச்சி பாத்தேன்."

"கோடு போட்டது யாரு? தேசு போடல. நீ போடல. கோடு தானா மொளச்சுதா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. இருந்துச்சு. அல்லா மேல சத்தியமா இருந்துச்சு."

"முறுக்குன நட்டு வெரல்ல சுத்துமா? யார்கிட்ட கத உடற?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி வந்து அவருடைய கேட் பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

கேட் பாஸ் போனால் என்ன ஆகும் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் ஒரு கேட்டில் 'பொய் சொல்லி மூடினான்' என்று பேர் அடிபட்டால், எர்ணாவூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். காண்ட்ராக்டர்கள் ஒருவரையொருவர் போனில் கேட்டுக்கொள்வார்கள். நாற்பத்தேழு வயதில் அந்த மனிதர் வேறு எந்தத் தொழிலுக்குப் போவார்? எல்லாம் என் அறிக்கையில் நான் எழுதப்போகிற ஒரு வரியில் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். ஆதாரத்துக்கு என்று எடுத்துவைத்த கருகிய பட்டையும் நட்டுகளும் ஸ்டோரில் ஒரு தட்டில் இருந்தன. மேல் நட்டு இரண்டும் கரிக்கட்டை. அடி நட்டு ஒன்று அவ்வளவாக வேகவில்லை, மேலே புகைக் கரி மட்டும் படிந்திருந்தது. கோடே இல்லை என்று எழுதும் முன்னால் ஒரு தரம் துடைத்துப் பார்ப்போம் என்று கரியைக் கழிவுப் பஞ்சால் ஒற்றினேன். கீழே சிவப்பு.

அடப்பாவி, கோடு இருக்கிறதே என்று ஈரக் கட்டைவிரலால் தேய்த்தேன். பெயிண்ட் தேய்த்தால் வராது. இது வந்தது. விரல் முழுக்கச் சிவப்பு.

நிஜமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். சிக்கினான் என்று நினைத்தேன். முறுக்காமல் குங்குமத்தை எடுத்துக் கோடு இழுத்து ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம், பெயிண்டு டப்பாவைப் பக்கத்திலேயே வைத்திருந்தவர் எதற்குக் குங்குமத்தைத் தேடிப் போகவேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் என் மோதிர விரல் எனக்கு ஞாபகம் வந்தது.

நீங்கள் கேட்பீர்கள், அதுவரை எப்படி ஞாபகம் வராமல் போனது என்று. நானும் என்னை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு ஒளித்துச் செய்ததை எனக்கே ஒளித்துவிட்டேன் போலிருக்கிறது. உலகத்தில் இருக்கிற ஒவ்வொருத்தனையும் சந்தேகப்பட்டேன். என் கையைச் சந்தேகப்படவேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். விரலைப் பஞ்சில் துடைத்தேன். பஞ்சைச் சுருட்டிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பஞ்சோடுதான் மேனேஜர் ரூமுக்கு நடந்தேன்.

அறிக்கை டைப் செய்து தயாராக இருந்தது. 'காண்ட்ராக்ட் ஃபிட்டர் நட்டுகளை முறுக்காமல், முறுக்கியதாகப் பொய் கூறினார்.' கீழே என் பேர், கையெழுத்துக்கு இடம். பேனாவைத் திறந்தேன். ரிடையர் ஆக எட்டு மாதம் இருந்தது.

கை ஓடவில்லை. ஏனென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அந்தப் பேனலுக்கு எத்தனையோ வருஷமாகக் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தப் பொய்க்கும் அதே கையெழுத்தைப் போட்டால், போட்டதெல்லாம் என்ன யோக்கியதை?

பையிலிருந்து பஞ்சை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"குங்குமம் சார். நான் வச்சது. அதைத்தான் காதர் கோடுன்னு நெனச்சிருக்காரு."

அவர் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட கொண்டுவந்தீங்க? ஒரு காண்ட்ராக்ட் ஆளுக்காக உங்க கடைசி எட்டு மாசத்தைக் கெடுத்துக்குவீங்களா? கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். உங்களுக்கும் இப்படி நல்லது நினைக்கிறவர்கள் வருவார்கள், அவர்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். நான் அந்தத் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் நடந்ததைக் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. பேனல் ரூம் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். மிச்ச மாதங்களுக்கு ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அந்தச் சாவி இல்லாமல் நடந்த முதல் நாள் இடுப்பு லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

காதருக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. அதைச் செக்யூரிட்டி மூலமாக அனுப்பவேண்டாம் என்று நானே வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டைக்குப் போனேன். சந்துக்குள் மாடி வீடு. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். பாஸைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னுதுதான் காதரு, மன்னிச்சுக்கோ" என்றேன். காதர் பாஸில் இருந்த தன் போட்டோவைப் பார்த்தார்.

"தேசு இன்னா வோணா சொல்லிக்கினு போவட்டும், அவன் வாய் அப்டி. அது எனக்கு பேஜாரே இல்ல. பன்னெண்டு வருசம் என் கைய பக்கத்துல நின்னு பாத்த ஆளு நீங்க. நீங்க கேட்டீங்க பாருங்க, யார்கிட்ட கத உடறன்னு. அத்த எங்க வூட்ல சொல்லக்கூட முடியல." டீயை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க சார். ஆறுது."

சார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேனோ தெரியவில்லை.

காதர் மறுபடி வேலைக்கு வந்தார். நன்றாகப் பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், சிரிக்கவும் சிரிப்பார். 'அண்ணே' மட்டும் திரும்ப வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சின்ன ஷட்டவுன். பக்கத்துப் பேனலைப் பிரித்திருந்தார்கள். ஸ்டோரிலிருந்து டார்க் ரெஞ்சைக் கொடுக்க நானே போனேன். காதர் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டாக, சிவப்புக் கோட்டின்மேல் எச்சில் தொட்ட கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பார், விரலை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார், அடுத்த நட்டுக்குப் போவார். அந்தக் கோடுகள் போன வருஷம் என் கையால் போட்டவை. பிரஷ் பிடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

"அது நான் போட்டதுதான் காதரு. பெயிண்டுதான்."

"தெரியும் சார்" என்றார். சொல்லிக்கொண்டே அந்த நட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அதை என்னிடம் காட்டவில்லை. பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, அடுத்த நட்டுக்குப் போனார்.